சட்டம் இல்லாத உளவு யாருக்குக் காவல்?

தேர்தல் நெருங்கும்போது நம் வார இதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். ‘உளவுத்துறை ரிப்போர்ட்’ ஒன்று மேலிடத்துக்குப் போயிருக்கிறது. அதன்படி ஆளுங்கட்சிக்கு இத்தனை தொகுதி உறுதி, இத்தனை தொகுதி இழுபறி, இன்னின்ன அமைச்சர் தேறமாட்டார். படிக்கிறோம், டீக்கடையில் அலசுகிறோம். ‘அவங்க ரிப்போர்ட்டே நமக்குச் சாதகமாத்தான் இருக்காம்’ என்று எதிர்க்கட்சிக்காரர்கூடச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறார். வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஓர் உளவு அதிகாரி எதற்காக ஆளுங்கட்சிக்கு சீட் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. மாநில உளவுப் பிரிவானாலும் சரி, ஐ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மத்திய உளவுத்துறையானாலும் சரி, இந்த வேலை நமக்கு அவ்வளவு பழகிவிட்டது.

ஐ.பி.யைச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வைக்க வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால் உடனே பதில் தயாராக இருக்கும். தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்வார், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார்: உளவு ரகசியத் தொழில். அதற்குக் கடிவாளம் போட்டால் பயங்கரவாதிக்குத்தான் கொண்டாட்டம். இருக்கிற கட்டுப்பாடே போதும். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? 2016 பிப்ரவரியில், உளவு அமைப்புகளை நாடாளுமன்றத்துக்கும் தணிக்கைக்கும் உட்படுத்தக் கோரிய பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான விஷயத்தில் தலையிட விரும்பவில்லை என்றது. அதன் பிறகு இந்தக் கருத்துக்கு ஒரு முத்திரையும் கிடைத்துவிட்டது. பெரும்பாலோர் நம்புகிற இந்தக் கருத்து அடியோடு தவறு என்பதே என் வாதம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உளவுத்துறையே வேண்டாம் என்பவன் இல்லை நான். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்த ஊரை நினைவில் வைத்திருக்கும் எவரும் உளவே தேவையில்லை என்று பேசமாட்டார்கள். முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஓர் அமைப்பு வேண்டும். அதன் ஆட்கள் பெயர் தெரியாமல் வேலை செய்யத்தான் வேண்டும். எந்த ஆளை எந்தத் தெருவில் பின்தொடர்கிறார்கள் என்பது ரகசியமாக இருக்கட்டும். யாரைப் பின்தொடரலாம், யார் அனுமதியோடு, தவறிப்போனால் யார் பதில் சொல்வது என்பதும் ஏன் ரகசியமாக இருக்க வேண்டும்?

ஐ.பி.யின் பிறப்பைப் பாருங்கள். 1887 டிசம்பரில் லண்டனிலிருந்து வந்த ஆணையின் பேரில் தொடங்கப்பட்ட ‘சென்ட்ரல் ஸ்பெஷல் பிராஞ்ச்’தான் அதன் மூலவேர். காங்கிரஸ் பிறந்து அப்போது இரண்டே ஆண்டு. ஆளப்படுகிற மக்களை ஆள்கிறவர்கள் கவனித்துக்கொண்டிருக்க ஏற்பட்ட அலுவலகம் அது. அதற்குச் சட்டம் எதற்கு? 1947இல் வெள்ளைக்காரன் போனான், அலுவலகம் நிலைத்தது. நம் சென்னை மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த டி.ஜி. சஞ்சீவி பிள்ளை சுதந்திர இந்தியாவின் முதல் ஐ.பி. இயக்குநரானார். ஆள் மாறினார், கொடி மாறியது. இந்த அமைப்பின் வேலை என்ன, எல்லை என்ன என்று சொல்லும் சட்டம் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

ஐ.பி.யைக் குறித்த சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உளவு அமைப்புகளின் ஊழியர்கள் சங்கம் வைப்பதற்கும் பத்திரிகையோடு பேசுவதற்கும் கட்டுப்பாடு விதிக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் நீங்கலாக, ஐ.பி.யிடம் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆக, உள்ளே இருப்பவர் பேசக் கூடாது, வெளியே இருப்பவர் கேட்கக் கூடாது. இதைத்தான் சட்டம் செய்து வைத்திருக்கிறார்கள். சிபிஐக்காவது ஒட்டுப்போட்ட ஒரு 1946ஆம் ஆண்டு டெல்லி சிறப்புக் காவல் சட்டம் இருக்கிறது. அதுவே போதாது, சிபிஐ அமைப்பே செல்லாது என்று 2013இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, மூன்றே நாளில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஐ.பி.க்கு அந்த ஒட்டுத்துணியும் கிடையாது.

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் எட்டாவது இனத்தில் மத்திய உளவு அமைப்பு இடம்பெற்றிருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தப் பட்டியல், எந்தெந்த விஷயத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று சொல்லும் பட்டியல். இயற்றலாம் என்று 1950இலேயே அனுமதி கொடுத்துவிட்டது, இயற்றவில்லை. இயற்றாததற்கே அதைச் சாட்சியாகக் காட்டுவது வேடிக்கை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கைவைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் ஐ.பி.க்கு ஒரு சட்டம் பிறக்கவில்லை.

‘இருக்கிற கட்டுப்பாடு போதும்’ என்பதற்கு வருவோம். தொலைபேசி ஒட்டுக்கேட்பை எடுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் உளவின் கருவிகளில் எழுதி வைத்த நடைமுறை உள்ளவற்றில் இது ஒன்று. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் கீழ் ஒட்டுக்கேட்டு வந்த அரசுக்கு 1996இல் உச்ச நீதிமன்றம் சில விதிகளை வகுத்துக் கொடுத்தது. மத்திய அரசில் உள்துறைச் செயலர் ஆணையிட வேண்டும். அமைச்சரவைச் செயலர் தலைமையில் ஒரு மறுஆய்வுக் குழு கூடி அந்த ஆணைகள் சரியா என்று பார்க்க வேண்டும். ஆணையிடுகிறவரும் அதிகாரி, சரிபார்க்கிறவர்களும் அதிகாரிகள். நீதிபதி கிடையாது, எதிர்க்கட்சி உறுப்பினர் கிடையாது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இந்த ஏற்பாட்டை அப்படியே தொடர்கின்றன.

சரி, அதிகாரிகளே நேர்மையாகப் பார்த்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை ஆணைகள்? மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்துறையே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் அதன் முன் வருகின்றன, இது நடக்கிற காரியமா என்று 2018இல் தரவுப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் கேட்டது. அந்தக் குழுவை அமைத்தது மத்திய அரசுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமைச்சரவைச் செயலரும் மற்றவர்களும் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக்கூட எழாமல் இரவு ஏழு வரை பார்க்கிறார்கள் என்றே வைப்போம். பத்து மணி நேரம், 36,000 விநாடி. 18,000 ஆணைகள் என்றால் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி. கோப்பின் அட்டையைத் திருப்பப் போதாத நேரம். இதைத்தான் ‘போதுமான கட்டுப்பாடு’ என்கிறார்கள்.

தவறு நடந்தால் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளாதா? சில சமயம் பார்த்துக்கொள்கிறது. லஞ்ச வழக்கு ஒன்றில் சென்னையைச் சேர்ந்த நிறுவன நிர்வாகி ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 2011இல் உள்துறை பிறப்பித்த ஆணையை, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசரமோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில் ரகசியமாக ஒட்டுக்கேட்கச் சட்டம் இடம் தரவில்லை என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் இந்த ஆணை எப்படி வெளியே வந்தது? சிபிஐ வழக்குப் போட்டது. வழக்கென்றால் ஆதாரத்தைக் காட்டியாக வேண்டும். அப்படித்தான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவந்தது. ஐ.பி. வழக்குப் போடுவதில்லை. அது கேட்டதும் எழுதியதும் எந்த நீதிமன்றத்தின் மேசைக்கும் வரப்போவதில்லை. தன் பேச்சு ஒட்டுக்கேட்கப்பட்டது என்றே தெரியாத ஒருவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்? தெரிந்து போனவர்களின் கதியையும் பார்த்தோம். பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றமே அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து ஐந்தில் ஏதோ ஒரு தீங்கு நிரல் இருப்பதைக் கண்டது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தெரிவித்தது. அதோடு நின்றது.

இனி ‘மடியில் கனமில்லாதவன்’.

நாகர்கோவிலில் பிறந்து மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் படித்த ஒருவர் இஸ்ரோவில் திரவ எரிபொருள் இயந்திரங்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1994 அக்டோபரில் திருவனந்தபுரத்தில் விசா காலம் முடிந்தும் தங்கியிருந்ததாக மாலத்தீவுப் பெண் ஒருவர் கைதானார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, ராக்கெட் ரகசியங்கள் விற்கப்பட்டதாக ஒரு கதை வளர்ந்தது. நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார். கைது செய்தது கேரள போலீஸ். அறைக்குள் கேள்வி கேட்டவர்கள் ஐ.பி. அதிகாரிகள். மணிக்கணக்கில் நிற்கவைத்ததையும் அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஐம்பது நாள் காவலில் இருந்தார். வழக்கு சிபிஐ கைக்குப் போனது. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று 1996இல் அறிக்கை கொடுத்தது. அதே அறிக்கை, விசாரணையையே ஐ.பி.யிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது என்று கேரளப் போலீஸின் விசாரணைக் குழுவைக் குறை சொன்னது.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கைது செய்யும் அதிகாரம் ஐ.பி.க்கு இல்லை. அதனால் கைது ஆவணத்தில் அதன் கையெழுத்துக்கு இடமில்லை. ஆனால் அறைக்குள் இருந்தது அதுதான். சட்டத்தின் கண்ணில் ஐ.பி. அங்கே இல்லவே இல்லை என்றால், அங்கே நடந்ததற்கு யாரைக் கேட்பது? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நம்பி நாராயணன் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படியேறினார். அந்தக் கைது அநாவசியமானது என்று 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதே வழக்கில் சிக்கவைக்கப்பட்ட இன்னொருவர், ரஷ்ய விண்வெளி நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதியாக இருந்தவர், அந்தத் தீர்ப்பை அறியும் நிலையில் இல்லாமலே சில நாளில் இறந்துபோனார். அன்று ஐ.பி.யில் இருந்தவர்களும் சேர்ந்த ஐந்து முன்னாள் அதிகாரிகள் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது 2024இல். சம்பவம் நடந்து 30 ஆண்டு கழித்து. நம்பி நாராயணன் மடியில் கனம் இருந்ததா?

நம்பி நாராயணனுக்கு அந்த அளவாவது கிடைத்தது. 2004இல் அகமதாபாத் அருகே நடந்த இஷ்ரத் ஜஹான் என்கவுன்ட்டர் வழக்கில், பத்தாண்டு கழித்து ஐ.பி. அதிகாரிகள் நால்வர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கு நடத்த உள்துறை அனுமதி மறுத்துவிட்டது. அவர்கள் குற்றவாளிகள் என்று நான் சொல்லவில்லை. குற்றவாளிகளா, நிரபராதிகளா என்று சாட்சியத்தை எடைபோடும் கட்டத்துக்கே அந்த விஷயம் போகவில்லை என்கிறேன். அனுமதி கேட்கப்பட்ட அமைச்சகமும் ஐ.பி.யின் மேலதிகாரியான அமைச்சகமும் ஒன்றே.

இதைப் படிக்கிறவர் தன் கட்சி விசுவாசத்துக்கு ஏற்ப ‘இது அவர்கள் ஆட்சியில் நடந்தது’ என்று கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பார். வேண்டாம். எல்லார் ஆட்சியிலும் நடந்திருக்கிறது. கல்கத்தாவில் உட்பர்ன் பார்க்கிலும் எல்ஜின் ரோட்டிலும் இருந்த நேதாஜி குடும்பத்து வீடுகளுக்கு வந்த கடிதங்களும் அங்கிருந்து போன கடிதங்களும் 1948 முதல் 1968 வரை பிரித்துப் படிக்கப்பட்டன, நகல் எடுக்கப்பட்டன. வியன்னாவில் இருந்த நேதாஜியின் மனைவி எமிலிக்கு, நேதாஜியின் அண்ணன் மகன் எழுதிய கடிதம்கூடத் தப்பவில்லை. இது ரகசியம் நீக்கப்பட்ட கோப்புகள் வழியே நாட்டுக்குத் தெரிந்தது 2015இல். அந்த இருபது ஆண்டில் பெரும்பகுதி பிரதமர் நேரு. ஜனநாயகத்தில் அவர் அளவுக்கு நம்பிக்கை கொண்ட பிரதமர் நமக்கு வாய்க்கவில்லை என்று நினைக்கிறவன் நான். அவர் காலத்திலேயே இப்படி என்றால், நல்லவர் கையில் இருந்தால் போதும் என்கிற சமாதானம் எங்கே நிற்கும்? நெருக்கடி நிலையில் ஐ.பி. அரசியல் எதிரிகளை வேவு பார்க்கப் பயன்பட்டதை ஷா கமிஷன் பதிவு செய்தது. சிறைக்குப் போய்வந்த தலைவர்களே 1977இல் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்களும் சட்டம் கொண்டுவரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அந்த ரிப்போர்ட்டின் ருசி தெரிந்துவிடும் போலிருக்கிறது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட வலுவாக முன்வைக்கப்படும் வாதம்: கண்காணிப்பு வந்தால் திறமை போய்விடும்.

ஐ.பி.யைப் பெற்றெடுத்த பிரிட்டனையே பார்ப்போம். அவர்களுடைய உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5க்கும் பல காலம் சட்டம் கிடையாது. 1952இல் ஓர் அமைச்சர் எழுதிய உத்தரவுதான் ஆதாரம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் அடி வாங்கிய பிறகு 1989இல் சட்டம் செய்தார்கள். எந்த அரசியல் கட்சியின் நலனுக்காகவும் இந்த அமைப்பு எதையும் செய்யாதபடி அதன் தலைவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ‘உளவுத்துறை ரிப்போர்ட்’ செய்திகளைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த ஒரு வரி கனவு மாதிரி இருக்கிறது. 1994இல் நாடாளுமன்றக் குழு வந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒட்டுக்கேட்க அமைச்சர் கையெழுத்து மட்டும் போதாது, நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதலும் வேண்டும். இதனால் எம்ஐ5 படுத்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. கனடா 1984இலும் ஆஸ்திரேலியா 1979இலும் இதே வழிக்கு வந்துவிட்டன.

ஜெர்மனியில் கண்காணிப்பு இருந்தும் கோளாறு நடந்ததே என்பார்கள். நடந்தது. 2000 முதல் 2007 வரை நவநாஜிக் கும்பல் ஒன்று பத்துப் பேரைக் கொன்றது; பெரும்பாலோர் துருக்கிய வம்சாவளியினர். அந்த வட்டாரத்தில் உளவு அமைப்பின் கூலி ஆட்கள் இருந்தும் கும்பல் பிடிபடவில்லை. 2011இல் விஷயம் வெளிவந்த சில நாட்களில் உளவு அமைப்பின் அலுவலகத்தில் சம்பந்தப்பட்ட கோப்புகள் துண்டு துண்டாகக் கிழிக்கப்பட்டன. கிழித்ததும் தெரியவந்தது, தலைவர் பதவி விலகினார், நாடாளுமன்றக் குழு எல்லாக் கட்சிகளின் சம்மதத்தோடு அறிக்கை கொடுத்தது. இங்கே மும்பையில் 2008 நவம்பர் தாக்குதலில் 166 பேர் இறந்தார்கள். கார்கிலுக்குப் பிறகு கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைத்ததைப் போல ஒரு குழுவை மத்திய அரசு அமைக்கவில்லை. மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு மாநிலக் காவல்துறையைப் பார்த்ததோடு சரி. மத்திய உளவு அமைப்புகளுக்கு வந்த எச்சரிக்கைகள் எந்த மேசையில் தேங்கின என்பதை நாடாளுமன்றத்தின் எந்தக் குழுவும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இலங்கையில் நடந்தது இதைவிடக் கொடுமை. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்ற தகவல் 2019 ஏப்ரல் 4ஆம் தேதியே, வெளிநாட்டு உளவு வழியே, அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்கு வந்துவிட்டது. ரகசியம் கட்டிக்காக்கப்பட்டது என்னவோ உண்மை. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத காலம். பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்குப் பிரதமரை அழைப்பதே நின்றுபோயிருந்தது. பதினேழு நாள் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று, நீர்கொழும்பிலும் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் சிறு பிள்ளைகள். நாடாளுமன்றத் தெரிவுக்குழு விசாரித்து, பொறுப்பின் பெரும்பங்கு புலனாய்வுத் தலைவருடையது என்றது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவரைத் தன் சொந்தப் பணத்திலிருந்து 7.5 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி. நம்மைவிடச் சிறிய நாடு, நம்மைவிடக் காயப்பட்ட நாடு. அங்கே செத்த பிறகாவது கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது.

எம்.பி.க்களிடம் சொன்னால் ரகசியம் கசிந்துவிடும் என்கிறார்களே? உள்துறை அமைச்சரும் ஓர் எம்.பி.தான், பிரதமரும் ஓர் எம்.பி.தான். அவர்கள் வாயில் தங்கும் ரகசியம், உறுதிமொழி எடுத்துக்கொண்ட ஏழெட்டு மூத்த உறுப்பினர்கள் வாயில் தங்காது என்பது என்ன கணக்கு?

இந்தக் கோரிக்கையை வைப்பவர்கள் நாட்டுக்கு எதிரானவர்கள் என்ற பேச்சும் உண்டு. 2010இல் வெளிநாட்டு உளவு அமைப்பான ‘ரா’வின் நிறுவனர் ஆர்.என். காவ் நினைவுச் சொற்பொழிவில் நாடாளுமன்றக் கண்காணிப்பு வேண்டும் என்று பேசியவர் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி. 2012இல் உளவு அமைப்புகளுக்குச் சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது, பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதியில் நடக்கும் ஆய்வு நிறுவனமான ஐடிஎஸ்ஏ அமைத்த குழு. உள்ளேயிருந்து பார்த்தவர்களுக்குத்தான் சட்டம் இல்லாததன் வலி தெரிகிறது. மேலிடம் வாய்மொழியாகச் சொல்லும் தப்பான வேலையை மறுக்க, ஒரு நேர்மையான அதிகாரிக்குக் கையில் சட்டப் பிரிவு எதுவும் இல்லை.

2011இல் மணீஷ் திவாரி என்ற காங்கிரஸ் எம்.பி. உளவு அமைப்புகளை ஒழுங்குபடுத்தத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆட்சியில் இருந்தது அவர் கட்சிதான். மசோதா காலாவதியானது. அதன் பிறகு காங்கிரஸ் அரசும் சரி, பாஜக அரசும் சரி, அப்படி ஒரு மசோதாவைத் தங்கள் பெயரில் கொண்டுவரவில்லை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிற மக்களவை வேட்பாளரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், இதைக் கேளுங்கள்: உங்கள் கட்சி ஆட்சிக்கு வந்தால் ஐ.பி.க்குச் சட்டம் கொண்டுவருமா, மாட்டாதா?